இரதம் வரும்வரை

வேலணைச் சந்திக்குச் சற்றுத் தள்ளி, வாடகைக்கு எடுத்த ஒரு கல்வீட்டின் முகப்பில், 1984ஆம் ஆண்டு தை மாதம் ஒரு பெயர்ப்பலகை ஏறியது. பலகை என்று ஒருமையில் சொல்வது பிழை. "தீவக இலகு புகையிரதம் சார்ந்த நகர வளர்ச்சி மற்றும் காணிப் பயன்பாட்டு முன்னேற்பாட்டுச் செயலகம்" என்ற பெயர் ஒரு பலகைக்குள் அடங்க மறுத்தபடியால் பாதிப் பெயர் முகப்பிலும் மீதிப் பெயர் பக்கச் சுவரிலும் தொங்கின. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் முன்பாதியை வாசித்தார்கள். மறுபக்கமிருந்து வருபவர்கள் பின்பாதியை வாசித்தார்கள். முழுவதையும் வாசித்தவர் பணிப்பாளர் அரியநாயகம் ஒருவர்தான்.

யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவகத்தில் அப்போது ரயில் இல்லை. தண்டவாளம் இல்லை. முக்கால்வாசி ஊர்களில் மின்சாரமும் இல்லை. இப்படி எதுவும் இல்லாதிருப்பது திட்டமிடலுக்கு மிகவும் உகந்தது என்பது அரியநாயகத்தின் கருத்து. ஏதாவது ஏற்கெனவே இருந்தால் அதை அனுசரிக்க வேண்டி வரும், திட்டம் அசிங்கப்பட்டுவிடும் என்று அவர் அடிக்கடி சொல்வார். அவர் ஒரு குளிர் தேசத்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றவர். அங்கே சின்னச் சின்ன மின்சார ரயில்கள் ஓடுவதையும், அவை நிற்கும் இடமெல்லாம் மாடிவீடுகளும் கடைகளும் முளைத்திருப்பதையும் கண்டு வந்தார். ரயில் வரப்போகிற இடத்தில் நகரத்தை முற்கூட்டியே வளர்த்து வைக்கவேண்டும் என்று அங்கே படிப்பித்தார்கள். ரயில் வராவிட்டால் நகரத்தை என்ன செய்வது என்பது பாடத்தில் இருக்கவில்லை.

செயலகம் எடுத்த முதல் முடிவு தன் பெயரைப் பற்றியது. ஓடப்போவது மின்சார ரயில். மின்சாரத்தில் புகை வராது. ஆகவே "புகையிரதம்" என்பதிலுள்ள புகையை அகற்றுவது என்று நாலு கூட்டங்கள் கூடித் தீர்மானித்தார்கள். பெயின்ரர் ஏணி வைத்து ஏறிப் புகையை மட்டும் அழித்துவிட்டு இறங்கினான். "யிரதம்" என்று கொஞ்ச நாள் கிடந்தது. பிறகு இன்னொரு கூட்டம் கூடி, அதை "இரதம்" ஆக்கினார்கள். இப்படித்தான் தீவகத்துக்கு இலகு இரதம் என்ற ஒன்று வந்து சேர்ந்தது.

இந்தப் பெயர் வேலணையோடு நின்றிருந்தால் ஒருவருக்கும் கேடில்லை. அது கடிதத்தில் ஏறி, கடல் கடக்கும் லோஞ்சில் ஏறி, நெடுந்தீவுக்குப் போனது. அங்கே பிள்ளையார் கோயில் மணேச்சர் வல்லிபுரத்தாரின் கையில் கிடைத்தது. "தங்கள் கிராமத்துக்கு இலகு இரதம் வழங்குவது சம்பந்தமாக விபரம் திரட்ட உத்தியோகத்தர் ஒருவர் வருவார், ஒத்துழைப்பு நல்கவும்" என்று எழுதியிருந்தது.

அந்தக் கோயிலுக்குத் தேர் இல்லை. தேர்த் திருவிழா அன்றைக்கும் சப்பறத்தில்தான் பிள்ளையார் வீதி வலம் வருவார். புங்குடுதீவார் இதைச் சொல்லிக்காட்டுவது வல்லிபுரத்தாருக்கு நெஞ்சில் தைத்த முள். அவர் கடிதத்தைப் பிள்ளையாரின் காலடியில் வைத்துத் தேங்காய் உடைத்தார்.

"அரசாங்கம் தேர் தருகுதாம்!" என்று ஊரெல்லாம் சொன்னார். "அதுவும் இலகுவான தேர். வடம் பிடிக்க இளந்தாரியள் இல்லை, எல்லாரும் வெளிநாடு போட்டுதுகள் எண்டு ஆரோ மேலிடத்திலை யோசிச்சுத்தான் செய்திருக்கினம்."

கணக்கெடுக்கும் உத்தியோகத்தர் கடலில் வாந்தியெடுத்து, வெளிறிப்போய் வந்து இறங்கினார். வல்லிபுரத்தார் இளநீர் கொடுத்துக் கோயில் மடத்தில் இருத்தினார்.

"உங்கடை ஊரிலை என்னென்ன வாகனம் இருக்கு?" என்று உத்தியோகத்தர் கேட்டார்.

"எலி இருக்கு. மயில் இருக்கு. இடபம் இருக்கு. குதிரை போன வருசம் கால் முறிஞ்சு கிடக்கு. யானையைப் பெயின்ற் அடிக்கக் குடுத்திருக்கு."

வாகனங்களுக்கு மிருகத்தின் பெயர் வைப்பது வெள்ளைக்காரன் வழக்கம்தானே என்று உத்தியோகத்தர் குறித்துக்கொண்டார்.

"ஒரு வாகனத்துக்கு எத்தினை பேர்?"

"இருபது பேர் இல்லாட்டி அசையாது தம்பி. மேலை ஐயர் ஒராள்."

"எந்தப் பாதையாலை போறது?"

"கோயில் வாசலிலை வெளிக்கிட்டு, தெற்கு வீதி, மேற்கு வீதி, வடக்கு வீதி எல்லாம் சுத்தி, திரும்பவும் வாசலிலைதான் இருப்புக்கு வரவேணும். வழியிலை வேறை எங்கையும் திரும்பப்படாது."

"நெரிசலோ?"

"என்ன கேக்கிறியள்? வாகனம் வெளிக்கிட்டால் வீதியிலை எள்ளுப் போட இடமிராது."

வாகனம் வருசத்தில் எத்தனை நாள் வெளிக்கிடும் என்ற கேள்வி பாரத்தில் இல்லாதபடியால் அவர் கேட்கவில்லை. திரும்பிப் போகும் வழியில் வெளியில் மேய்ந்த கட்டாக்காலிக் குதிரைகளையும் எண்ணி, "சாரதி இன்றி ஓடுபவை" என்று தனியாக எழுதிக்கொண்டார்.

வேலணையில் அரியநாயகம் இந்த விபரங்களைக் கண்டு கதிரையை விட்டு எழும்பிவிட்டார். ஒரு வாகனத்தில் இருபத்தொரு பயணிகள்! அசைய முடியாத நெரிசல்! அதுவும் வட்டப் பாதை! குளிர் தேசத்திலும் இப்படி ஒரு தேவையை அவர் கண்டதில்லை. முதற்கட்ட இலகு இரதம் நெடுந்தீவிலேயே ஓடும் என்று அன்றைக்கே முடிவாகியது. கடலைத் தாண்டுவது இரண்டாங்கட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது.

இரதம் ஓடப்போகும் பாதையின் படத்தைச் செயலகத் தட்டச்சுக்காரி நாகபூசணி பார்த்தாள். பாதை கோயில் வாசலில் தொடங்கிக் கோயில் வாசலில் முடிந்தது.

"சேர், ஏறின இடத்திலையே இறங்கிறதெண்டால் ஏன் ஏறுவான்?"

அரியநாயகம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "பிள்ளை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதுதான் போக்குவரத்து என்பது பாமரர் எண்ணம். போய்ச் சேருவது எங்கள் நோக்கமல்ல. போய்ச் சேர்ந்துவிட்டால் திட்டம் முடிந்துவிடும். திட்டம் முடிந்தால் செயலகம் எதற்கு?"

அவள் அதைத் தட்டச்சடித்தாள்.

காணிப் பயன்பாட்டு விதிகளும் அதோடு வந்தன. இரதம் நிற்கும் தரிப்பிடத்திலிருந்து அரை மைலுக்குள் நாலு மாடிக்குக் குறைந்த கட்டடம் எதுவும் எழும்பக்கூடாது. இரதத்தில் ஏறுவதற்கு ஆட்கள் நெருக்கமாகக் குடியிருக்கவேண்டுமாம். நெடுந்தீவில் அந்த உயரத்துக்கு நின்றது பனை மட்டும்தான்.

வடக்கு வீதியில் ஆழ்வாப்பிள்ளை என்று ஒரு கமக்காரர் இருந்தார். நாலு மாடும், கொஞ்சப் பனையும், ஒழுகுகிற ஓலைவீடும் அவருடைய சொத்து. மனைவி காலமாகிவிட்டாள். ஒரே மகள் பரிமளத்தைக் கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. அவள் கைக்குழந்தையோடு அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, உடுத்த சேலையோடு அப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். புருசன் யாழ்ப்பாணத்தில் யாரோ ஒருவரின் கடையில் நின்று பிழைத்தான், கிழமைக்கு ஒருதரம் வந்து போனான்.

அந்த வருச மாரிக்கு ஓலைக்கூரை நாலு இடத்தில் ஒழுகியது. பிள்ளைக்கு இழுப்பு வந்தது. அதன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு ஆழ்வாப்பிள்ளை விடிய விடியக் குந்தியிருந்தார்.

"இன்னொரு மாரிக்கும் இதை ஈரத்திலை வளர்த்தினால் பிறகு என்னட்டைக் கொண்டுவரவேண்டாம்" என்று மருந்து கொடுக்கும் அப்போத்திக்கரி கோபமாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே அடுத்த மாரிக்கு முன் ஒழுகாத அறை ஒன்று வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். தன் காணியின் பழைய மதிலை உடைத்து முருகைக்கல் சேர்த்தார், சுண்ணாம்பு எரித்தார், அத்திவாரம் வெட்டினார். மூன்றாம் நாள், ஊரில் அரசாங்க அலுவல் பார்க்கும் விதானையார் வந்து நின்றார்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. உங்கடை காணி இப்ப தரிப்பிட வலயமாம். வேலணையிலை கேக்காமல் ஒரு கல்லும் வைக்க ஏலாது."

"என்ரை காணிக்கை என்ரை கல்லை வைக்க வேலணையிலை என்னத்தைக் கேக்கிறது?"

"எனக்கும் விளங்கேல்லை அண்ணை. ஆனால் கடுதாசி வந்திருக்கு."

ஆழ்வாப்பிள்ளை வெள்ளை வேட்டி கட்டி, லோஞ்சு ஏறி, பஸ் பிடித்து, வேலணைக் கந்தோருக்குப் போனார். அரியநாயகம் அவரை இருக்கச் சொல்லவில்லை. ஆனால் படத்தை விரித்துக் காட்டினார். அதில் நெடுந்தீவு முழுக்க வண்ண வண்ணப் பெட்டிகளாக இருந்தது. ஆழ்வாப்பிள்ளையின் காணி ஊதா நிறத்தில் இருந்தது.

"ஒரு அறையோ?" என்றார் பணிப்பாளர். "நீர் நாலு மாடி கட்டும். நாளைக்கே அனுமதி தாறன்."

"எனக்கு ஒரு அறை காணும் ஐயா."

"உமக்குக் காணும். ஈராயிரமாம் ஆண்டுக்குக் காணாது. நீர் உம்மடை பேரப்பிள்ளையை மட்டும் யோசிக்கிறீர். நான் இன்னும் பிறவாத பயணிகளை யோசிக்கிறன்."

"பிறந்த பிள்ளைக்கு இழுப்பு ஐயா. ஐப்பசியிலை மாரி வந்திடும்."

"மாரி எங்கள் திட்டத்தில் சேர்க்கப்படவில்லை."

ஆழ்வாப்பிள்ளை ஊதா நிறத்தின்மேல் விரலை வைத்தார். "அப்ப, நாலு மாடியிலும் ஆர் ஐயா இருக்கிறது? ஊரிலை அவ்வளவு சனம் இல்லையே."

"வரும். கட்டடம் இருந்தால் சனம் வரும், சனம் இருந்தால் இரதம் வரும். இரதம் வரும் எண்டபடியால்தான் கட்டடம். உமக்கு இது விளங்காது, விளங்கவேண்டிய அவசியமும் இல்லை. ஒரு மாடியோடு நிற்கக்கூடியது தரிப்பிடக் கட்டடம் ஒண்டுதான்."

"அது எவ்வளவு பெரிசு ஐயா?"

அரியநாயகம் இன்னொரு படத்தை விரித்தார். ஒரு அறை. ஒரு கதவு, இரண்டு யன்னல், ஓட்டுக்கூரை, மழைத் தண்ணீர் ஓடப் பீலி. ஆழ்வாப்பிள்ளை வெட்டிய அத்திவாரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் விரலிடை வித்தியாசம் இராது.

"அப்ப நான் அதையே கட்டுறன்."

இதில் தந்திரம் ஒன்றும் இல்லை. அறைக்கு என்ன பெயர் வைத்தாலும் கூரை ஒழுகாமல் இருந்தால் போதும் என்றுதான் அந்த மனிசன் நினைத்தார். ஆனால் அரியநாயகத்தின் கண் கலங்கிவிட்டது. செயலகம் தொடங்கி அரை வருசம் கடந்தும் பெயரில் இருந்த புகையை அழித்ததைத் தவிர மேலிடத்துக்குக் காட்ட ஒரு வேலையும் நடக்கவில்லை. அவர் எழும்பி வந்து ஆழ்வாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பொதுமக்கள் பங்களிப்பு! இதைத்தான் நான் எதிர்பார்த்தனான். கல்லு, மரம், ஓடு, கூலி எல்லாம் உம்முடையது. திட்டம் எங்களுடையது."

ஆவணி புரட்டாதிக்குள் அறை எழும்பியது. மகளின் கடைசிச் சங்கிலி ஓடாக மாறியது. அயலில் இருந்த மீன்பிடிகாரர் இராயப்பு அந்த ஓடுகளைத் தன் வள்ளத்தில் ஏற்றி வந்தார்.

"என்ன அண்ணை, ஸ்ரேசன் மாஸ்ரர் ஆகப்போறியளாம்?" என்று இராயப்பு கேட்டார். "முதல் ரயிலிலை எனக்கும் ஒரு சீற்று வையுங்கோ. மீன் கூடையோடை ஏறவிடுவினமோ?"

"உன்ரை கூடையைக் கண்டால் ரயிலே வராது" என்றாள் பரிமளம். அந்த வீட்டில் கனகாலத்துக்குப் பிறகு கேட்ட பகிடி அதுதான். அன்றைக்கே கூரை வளையில் சேலையால் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட்டார்கள். பிள்ளை காய்ந்த அறையில் நித்திரை கொண்டது.

ஐப்பசி பிறந்ததும் திறப்புவிழா. அரியநாயகம் மாலை, நாடா, கத்தரிக்கோல், பலகை சகிதம் வந்திறங்கினார். இறங்குதுறையில் வல்லிபுரத்தார் கொடி, குடை, ஆலவட்டம், மேளத்தோடு நின்றார். பின்னால் பத்துப் பேர் புதிதாகத் திரித்த தேர்வடத்தைச் சுமந்துகொண்டு நின்றார்கள்.

"இந்தக் கயிறு என்னத்துக்கு?" என்று பணிப்பாளர் கேட்டார்.

"இரதம் இழுக்கத்தான் ஐயா."

"இழுக்கத் தேவையில்லை. இது தானாக ஓடும்."

வல்லிபுரத்தார் கையெடுத்துக் கும்பிட்டார். தானாக ஓடும் தேரை அவர் கனவிலும் நினைத்ததில்லை. "அப்ப பிள்ளையாரை எதிலை இருத்திறது?"

"முதியோருக்கும் அங்கவீனருக்கும் முன்பக்கத்தில் ஆசனம் ஒதுக்கியிருக்கிறம்" என்றார் அரியநாயகம்.

தரிப்பிட வாசலில் அவர் பேசினார். "அன்பார்ந்த பயணிகளே!" என்று தொடங்கினார். "இன்று நாங்கள் திறப்பது ஒரு அறை அல்ல, ஒரு நகரம். உலகத்தில் எல்லா இடத்திலும் முதலில் ரயில் வருகிறது, பிறகு ஆட்கள் காத்திருக்கிறார்கள். நாங்கள் முதலில் காத்திருப்பதற்கு வசதி செய்துவிட்டோம். காத்திருப்பில் இந்தத் தீவு எவருக்கும் பின்நிற்காது. நீங்கள் வைத்தியருக்குக் காத்திருக்கிறீர்கள், லோஞ்சுக்குக் காத்திருக்கிறீர்கள், தண்ணீருக்குக் காத்திருக்கிறீர்கள். அந்தத் திறமையை வீணாக்காமல் ஒரு கூரையின் கீழ் ஒழுங்குபடுத்தித் தருவதே எமது செயலகத்தின் பணி."

சனம் கைதட்டியது. நாடா வெட்டப்பட்டது. உள்ளே போன பணிப்பாளர் ஏணையைக் கண்டார்.

"இது படத்தில் இல்லையே" என்றார்.

ஏணை அவிழ்க்கப்பட்டது. பாய், பானை, கைக்குழந்தை, பரிமளம் எல்லாம் முறையே வெளியேற்றப்பட்டன. சுவரில் செயலகத்தின் பலகையை அடித்தார்கள்: "தரிப்பிடம் 1, வடக்கு வீதி. இரதம் வரும்வரை பயணிகள் இங்கே தங்கியிருக்கலாம்." பிறகு, பொதுச்சொத்தைப் பாதுகாப்பதற்காகக் கதவில் ஒரு பெரிய பூட்டைப் போட்டார்கள். பூட்டின் திறப்பு பணிப்பாளரின் சட்டைப்பைக்குள் போனது, பணிப்பாளர் லோஞ்சுக்குள் போனார், லோஞ்சு கடலுக்குள் போனது.

அந்த அறையின் ஒரு கல்லையும் அவர்கள் தூக்கவில்லை.

அன்று பின்னேரம் வாடைக்காற்று எழும்பியது. மழை விழுந்தது. கடல் கொந்தளித்து லோஞ்சு நின்றுவிட்டது. ஓலைவீட்டில் பழைய நாலு இடத்தோடு புதிதாக ஒரு இடமும் ஒழுகியது. பிள்ளை இருமத் தொடங்கியது. பிறகு அந்தச் சத்தம் வந்தது, ஆழ்வாப்பிள்ளை போன மாரி முழுக்கக் கேட்ட அதே இழுப்பு.

"அப்பு, என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? போய் உடையுங்கோ!" என்றாள் பரிமளம்.

"அரசாங்கப் பூட்டு பிள்ளை."

"கொழும்பிலை எங்கடை கடைக்கும் அரசாங்கம் ஒரு பூட்டுப் போட்டிருந்தால் நான் ஏன் இஞ்சை வந்து நனையிறன்?"

ஆழ்வாப்பிள்ளை வாழ்நாளில் வழக்கென்று ஒரு கோட்டுப்படி ஏறாதவர். அவர் அலவாங்கை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். பூட்டு செயலகத்தின் மற்றக் காரியங்களைப் போலவே இருந்தது, ஒரு நெம்பில் கழன்று விழுந்தது. வளையில் ஏணை மறுபடி ஏறியது. இராயப்பின் மனைவி றோஸ் சட்டியில் தணல் கொண்டுவந்து வைத்தாள். விடியும்போது பிள்ளையின் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. மகளும் தகப்பனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அழுதார்கள்.

தை மாதம் கடல் அடங்கியது. பணிப்பாளர் விதானையாரையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கதவு திறந்திருந்தது. வாசலில் குழந்தைத் துணி காய்ந்தது.

"இது என்ன அநியாயம்?" என்று கத்தினார். "அரசாங்கப் பூட்டை உடைச்சு, அரசாங்கத் தரிப்பிடத்திலை குடும்பம் நடத்திறீரோ? இப்பவே வெளியாலை போம்!"

பரிமளம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நாங்கள் குடும்பம் நடத்தேல்லை ஐயா. இரதத்துக்குக் காத்துக்கொண்டு நிக்கிறம். இரதம் வரும்வரை பயணிகள் தங்கலாமெண்டு நீங்கள்தானே பலகையிலை எழுதிப் போட்டியள்?"

அரியநாயகம் பலகையைப் பார்த்தார். எழுத்துப் பிழை ஒன்றும் இருக்கவில்லை.

"அது... அது இரதம் வாற காலத்துக்கு."

"எப்ப வரும் ஐயா?"

விதானையார் திரும்பிப் பணிப்பாளரின் முகத்தைப் பார்த்தார். செய்தி கேட்டு ஓடிவந்த வல்லிபுரத்தாரும் பார்த்தார். இராயப்பும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"வராதெண்டால் சொல்லுங்கோ" என்றாள் பரிமளம். "வராதெண்டு இந்த விதானையாருக்கு முன்னாலை ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் இப்பவே ஏணையை அவிழ்க்கிறன்."

அந்த ஒரு சொல்லுக்குள் வேலணைக் கல்வீடு இருந்தது, இரண்டு பலகைகள் இருந்தன, ஊதா நிறம் இருந்தது, அவருடைய கதிரையும் இருந்தது. அரியநாயகம் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார்.

"வராமல் என்ன!" என்றார். "கட்டாயம் வரும்."

"அப்ப நிக்கிறம்" என்று சொல்லிவிட்டுப் பரிமளம் பிள்ளைக்குச் சோறு தீத்த உள்ளே போனாள்.

அவர் அடுத்த லோஞ்சில் திரும்பினார். அதன்பின் எவரும் பூட்டுக் கொண்டுவரவில்லை. வல்லிபுரத்தார் வடத்தைக் கோயில் மடத்தில் சுருட்டி வைத்தார். எலி வாகனம் அந்த வருசமும் இருபது பேரின் தோளில்தான் வீதி சுற்றி இருப்புக்கு வந்தது.

செயலகத்தின் அடுத்த ஆண்டறிக்கையை நாகபூசணிதான் தட்டச்சடித்தாள். நெடுந்தீவுத் தரிப்பிடத்தில் பயணிகளின் தொகை தொடர்ந்து அதிகரித்து வருவதாகவும், ஆகவே திட்டத்தை விரிவாக்க மேலதிக ஆளணி தேவை என்றும் அதில் இருந்தது. அதிகரித்த அந்தப் பயணி பரிமளத்தின் இரண்டாவது பிள்ளை. அறிக்கை போகும்போது அது ஏணையில் கிடந்து பெருவிரல் சூப்பிக்கொண்டிருந்தது.